வார்டிலேயே இருக்கும் டாக்டர்

1983 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட சட்டம், முதியோர் பென்ஷன் நிதி வற்றிப்போகாமல் காப்பாற்றுவதற்காக வந்தது. பேச்சு முழுக்க ஓய்வு வயது, வரி விகிதம், பென்ஷன் தொகை பற்றித்தான். அதே சட்டத்துக்குள் ஆஸ்பத்திரிகளுக்கு அரசு பணம் கொடுக்கும் முறையை மாற்றும் ஒரு பகுதியும் இருந்தது. அட்மிட் ஆன நோயாளியின் கட்டிலருகே எந்த டாக்டர் நிற்பார் என்பதை அடுத்த 20 ஆண்டுகளில் மாற்றியமைத்ததில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அமெரிக்காவில் ‘ஹாஸ்பிடலிஸ்ட்’ என்று ஒரு டாக்டர் வர்க்கமே இருக்கிறது. வெளியே கிளினிக் வைக்காமல், அட்மிட் ஆனவர்களை மட்டுமே பார்ப்பவர்கள். அந்த வர்க்கத்தை உருவாக்கியது புதிய மருந்தோ புதிய கருவியோ கிடையாது. கணக்குப் புத்தகம்தான்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கான ‘மெடிகேர்’ அரசு காப்பீடு 1966-ல் நடைமுறைக்கு வந்தபோது ஏற்பாடு எளிமையாக இருந்தது. ஆஸ்பத்திரி தனக்கு ஆன செலவைச் சொல்லும், அரசு கொடுத்துவிடும். நோயாளி கூடுதலாக நாலு நாள் படுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டமில்லை. 1980 வாக்கில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் முதியவர் ஒருவர் தங்கிய காலம் சராசரியாக 10 நாளுக்கு மேல்.

யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்ஸன் என்ற இருவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே வேறொரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபெட்டர் தொழிற்சாலை நிர்வாகக் கணக்குகளில் கைதேர்ந்தவர். தாம்ப்ஸன் நர்ஸாக இருந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்தவர். தொழிற்சாலை என்ன தயாரிக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம், ஆஸ்பத்திரி என்ன தயாரிக்கிறது? ஒரே மாதிரி நோயும் ஒரே மாதிரி செலவும் உள்ளவர்களை ஒரு குழுவாகக் கட்டி, எல்லா நோயாளிகளையும் சில நூறு குழுக்களுக்குள் அடக்கினார்கள். நியூ ஜெர்சி மாநிலம் அதை வைத்து முதலில் பணம் கொடுத்துப் பார்த்தது. 1983 சட்டம் அதை நாடு முழுவதற்குமான மெடிகேர் விதியாக்கியது. மொத்தம் 467 குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்ணயத் தொகை. கல்யாணச் சமையலை இலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசுவதுபோல, நிமோனியாவுக்கு இவ்வளவு, இடுப்பு எலும்பு முறிவுக்கு இவ்வளவு. நோயாளி 4 நாளில் வீட்டுக்குப் போனால் மிச்சம் ஆஸ்பத்திரிக்கு. 12 நாள் படுத்தால் கைக்காசு போகும்.

இதில் ஒரு முரண் இருந்தது. புது விதி ஆஸ்பத்திரியைத்தான் கட்டுப்படுத்தியது, டாக்டரை அல்ல. அன்று அமெரிக்காவில் நோயாளியை அட்மிட் செய்தது பெரும்பாலும் அவருடைய குடும்ப டாக்டர். அவர் ஆஸ்பத்திரியின் சம்பளக்காரர் இல்லை. அங்கே நோயாளிகளைச் சேர்க்க அனுமதி பெற்ற வெளியாள். அவருக்கான ஃபீஸ் தனிக் கணக்கில், ஒவ்வொரு முறை வந்து பார்ப்பதற்கும் இவ்வளவு என்று வந்தது. ஆகவே, சீக்கிரம் அனுப்ப வேண்டிய அவசரம் ஆஸ்பத்திரிக்கு. அனுப்பலாம் என்று எழுதும் பேனாவோ வேறொருவர் சட்டைப் பையில்.

அந்தப் பேனாவுக்குரியவரின் ஒரு நாளைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்குக் காரோட்டி வருவார். வெவ்வேறு மாடிகளில் இருக்கும் தன் நோயாளிகள் இரண்டு மூன்று பேரைப் பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, எட்டரைக்குள் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். அங்கே வெளியே வரிசை காத்திருக்கும். 11 மணிக்கு ஆஸ்பத்திரி லேபிலிருந்து பொட்டாசியம் அளவு வரும். மதியம் ஸ்கேன் முடிவு வரும். இரண்டு மணிக்கு வெளியூரிலிருந்து மகன் வந்து, “அப்பாவுக்கு என்னதான் ஆச்சு?” என்று கேட்பான். பதில் சொல்ல வேண்டியவர் ஆறு மைல் தள்ளி ஒரு குழந்தையின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். நர்ஸ் போன் செய்வார். போனிலேயே ஒரு மருந்து மாறும். மற்றதெல்லாம் நாளைக் காலை. பத்து நிமிஷ முடிவு ஒன்றுக்காக ஒரு நாள் படுக்கை கூடும். பழைய ஏற்பாட்டில் அந்த நாளுக்கும் காசு வந்தது. 1983-க்குப் பிறகு வரவில்லை.

வார்டும் மாறிக்கொண்டிருந்தது. முன்பு டெஸ்டுக்காகவும் ஓய்வுக்காகவும் அட்மிட் ஆனவர்களை இப்போது வெளியிலேயே பார்த்து அனுப்பினார்கள். படுக்கையில் மிஞ்சியவர்கள் கடுமையான நோயாளிகள். மணிக்கு மணி மாறுகிறவர்கள். ஒரு காலத்தில் பத்துப் பேரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்ப டாக்டருக்கு இப்போது ஒன்றிரண்டு பேர்தான். பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகவில்லை. கைப்பழக்கமும் விட்டுப்போனது.

அவசரத்துக்கு விலையும் இருந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 1990-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, புது விதிக்குப் பிறகு மரண விகிதம் கூடவில்லை. ஆனால் உடல்நிலை சீராகாமலே டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தார்கள்.

நாட்டின் வெவ்வேறு மூலைகளில், ஒருவரையொருவர் அறியாமலே, டாக்டர்கள் சிலர் ஒரே தீர்வுக்கு வந்துசேர்ந்தார்கள். ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் ஜான் நெல்சன் 1988-லிருந்தே மற்ற டாக்டர்களின் அட்மிட் நோயாளிகளைப் பார்க்கும் வேலையை முழுநேரமாக எடுத்துக்கொண்டிருந்தார். மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் வின்த்ராப் விட்கோம்ப் அதையே செய்துகொண்டிருந்தார். மின்னியாபொலிஸின் பார்க் நிகொலெட் கிளினிக்கிலும், கலிஃபோர்னியாவின் கைஸர் பெர்மனென்ட்டே குழுமத்திலும் டாக்டர்களைக் ‘கிளினிக்குக்கு இவர், வார்டுக்கு அவர்’ என்று பிரித்தார்கள். வேலை இருந்தது; அதற்குப் பெயர் மட்டும் இல்லை.

பெயர் வந்தது சான் ஃப்ரான்சிஸ்கோவிலிருந்து. 1995-ல் பாஸ்டனிலிருந்து அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைக்குத் தலைவராக வந்தவர் லீ கோல்ட்மன். நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு மாரடைப்பா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டுப் பிரிக்கும் முறைகளால் பெயர்பெற்றவர். துறையின் மாஃபிட்-லாங் ஆஸ்பத்திரி வார்டுகளை ராபர்ட் வாக்டர் என்ற இளம் டாக்டரிடம் ஒப்படைத்து, புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்றார். வாக்டர் 1990-ல் அதே நகரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டை, ஆர்ப்பாட்டக்காரர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் நடுவே நின்று ஒருங்கிணைத்தவர். அரசியலும் நிர்வாகமும் அவருக்கு அன்னியமில்லை.

போதனா ஆஸ்பத்திரியின் நோய் வேறு வகை. அங்கே வார்டின் பெரிய டாக்டர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர். ஆண்டில் 11 மாதம் லேபில் எலிகளோடு இருப்பார். ஒரு மாதம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் வருவார். நிஜ வேலையைப் பயிற்சி டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாக்டர் ஒரு பிரிவை மட்டும் மாற்றினார். வார்டு வேலையில் விருப்பமுள்ள ஆசிரியர்கள் ஆண்டில் பல மாதம் அங்கே இருப்பார்கள். நோயாளி வந்த முதல் மணியிலிருந்தே முடிவுகளில் பங்கெடுப்பார்கள். பழைய முறைப் பிரிவு பக்கத்திலேயே ஒப்பீட்டுக்காக நடந்தது. ஓராண்டு முடிவில் பழைய பிரிவில் சராசரித் தங்கல் 4.9 நாள், புதியதில் 4.3 நாள். செலவு 7,777 டாலருக்குப் பதில் 7,007 டாலர். மரணத்திலோ, திரும்ப அட்மிட் ஆவதிலோ, நோயாளிகளின் திருப்தியிலோ வித்தியாசம் இல்லை.

அந்த ஓராண்டுக் கணக்கு அச்சில் வருவதற்கு முன்பே, 1996 ஆகஸ்டில், ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வாக்டரும் கோல்ட்மனும் எழுதிய சில பக்கக் கட்டுரைதான் ‘ஹாஸ்பிடலிஸ்ட்’ என்ற சொல்லை ஊரறியச் செய்தது. நெல்சனும் விட்கோம்பும் மறு ஆண்டே ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 2003-ல் அது ‘சொசைட்டி ஆஃப் ஹாஸ்பிடல் மெடிசின்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நம் ஊர் வாசகர் இங்கே ஒரு குழப்பத்துக்கு ஆளாகலாம். தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி கூப்பிட்டால் தூக்கக் கலக்கத்தோடு வரும் ட்யூட்டி டாக்டரைப் போன்றவரா இவர்? இல்லை. ட்யூட்டி டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொல்வதைச் செய்பவர். ஹாஸ்பிடலிஸ்ட் பொது மருத்துவத்தில் மேற்பயிற்சி முடித்தவர், அந்த நோயாளிக்கு அவரே பெரிய டாக்டர். இதய நிபுணரையோ சிறுநீரக நிபுணரையோ கூப்பிடுவதும், அவர்கள் சொல்வதில் எதை ஏற்பது என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. இருபது வருஷம் பார்த்த டாக்டர், நோயாளி உயிருக்குப் போராடும்போது பக்கத்தில் இல்லையா? முன்பின் தெரியாத ஒருவரா? கேள்வி நியாயமானது. சில காப்பீட்டு நிறுவனங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கின. தங்கள் உறுப்பினர் அட்மிட் ஆனால் ஹாஸ்பிடலிஸ்டிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் அமைப்பு அந்தக் கட்டாயத்தை எதிர்த்தது. விருப்பமிருந்தால் ஒப்படைக்கலாம் என்ற நிலை வந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. குடும்ப டாக்டர்கள் ஒவ்வொருவராகத் தாங்களே ஒப்படைத்தார்கள். விடியற்காலை கார் ஓட்டத்தையும் நள்ளிரவுப் போன்களையும் விடுவதில் யாருக்குக் கசக்கும்?

பணக்கணக்கு மட்டும் இந்தத் துறையை இவ்வளவு பெரிதாக வளர்த்திருக்காது. இரண்டு சம்பவங்கள் அதற்கு வேறு நியாயங்களைக் கொடுத்தன. 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஸயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு அட்மிட் ஆகி, சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அந்த இரவில் அவளைப் பார்த்தவர்கள் மணிக்கணக்காக ஓய்வின்றி வேலை செய்துகொண்டிருந்த பயிற்சி டாக்டர்கள்; குடும்ப டாக்டர் போனில் இருந்தார். பத்திரிகையாளரான அவள் தந்தை சிட்னி ஸயான் விடவில்லை. வழக்கு, விசாரணைக் குழு என்று தொடர்ந்து, 1989-ல் நியூயார்க் மாநிலம் பயிற்சி டாக்டரின் வேலையை வாரம் 80 மணி நேரத்துக்குள் கட்டியது. 2003-ல் நாடு முழுவதற்கும் அதே வரம்பு வந்தது. பயிற்சி டாக்டர்கள் வீட்டுக்குப் போன நேரத்தில் வார்டை யார் பார்ப்பது? ஹாஸ்பிடலிஸ்டை வேலைக்கு எடு.

இரண்டாவது, 1999 இறுதியில் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட அறிக்கை. ஆஸ்பத்திரித் தவறுகளால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்றது. தவறுகளைக் குறைக்க வேண்டுமென்றால் எந்நேரமும் கட்டிடத்துக்குள் இருந்து, அதன் ஓட்டைகளை அறிந்த டாக்டர் வேண்டும். அந்த விவரிப்புக்குப் பொருந்தியவர்கள் ஒரே வகையினர்தான். நோயாளி பாதுகாப்பு, கம்ப்யூட்டர் மருந்துச் சீட்டு, கமிட்டி என்று எது வந்தாலும் தலையில் கட்டப்பட்டவர்களும் அவர்களே.

2002-ல் வாக்டரும் கோல்ட்மனும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, செலவு சராசரியாக 13.4 சதவீதமும் தங்கல் 16.6 சதவீதமும் குறைந்ததாக எழுதினார்கள். தங்கள் பிள்ளையைத் தாங்களே எடைபோட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2007-ல் 45 ஆஸ்பத்திரிகளின் 76,926 நோயாளிகளை வைத்து வந்த பெரிய ஆய்வு உற்சாகத்தைத் தணித்தது. ஹாஸ்பிடலிஸ்டிடம் இருந்தவர்கள் 0.4 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், அவ்வளவுதான். செலவில் மிச்சம் சொற்பம். மரணத்தில் மாற்றமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் மெல்ட்ஸர் செய்த ஆய்வு எனக்கு இதைவிடச் சுவையாகப் படுகிறது. அங்கே முதல் ஆண்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் தங்கல் ஏறக்குறைய அரை நாள் குறைந்தது. பதவியின் பெயரால் வந்த லாபம் இல்லை அது. அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த கைப்பழக்கத்தின் லாபம்.

இந்த வேலைக்கென்று ஒரு வாழ்க்கைமுறையும் வந்தது. அமெரிக்காவில் சொந்தக்கார டாக்டர் உள்ள வீடுகளில் “ஒரு வாரம் ட்யூட்டி, ஒரு வாரம் லீவு” என்று கேட்டிருப்போம். ஏழு நாள் தொடர்ந்து, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்; பிறகு ஏழு நாள் விடுப்பு. இரவு மட்டும் பார்ப்பவர்களுக்கு ‘நாக்டர்னிஸ்ட்’ என்று தனிப்பெயர். வெளிநாட்டில் படித்து ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் நாட்டுக்குத் திரும்பாமல் தங்க வேண்டுமானால், டாக்டர் பஞ்சமுள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். செனட்டர் கென்ட் கான்ராட் பெயரால் 1994-லிருந்து நடக்கும் திட்டம் அது. இப்போது மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். நெப்ராஸ்காவின் சிறு நகர ஆஸ்பத்திரியில் மதுரைக்காரர் ரவுண்ட்ஸ் போவதற்கு அதுவும் ஒரு வழி.

காலை ஏழு மணிக்கு இரவு டாக்டர் பகல் டாக்டரிடம் பட்டியலைக் கைமாற்றுவார். பதினைந்து பதினெட்டுப் பெயர்கள். 12-ம் அறைக்காரருக்கு ராத்திரி மூச்சுத்திணறல், நீர்போக ஊசி போட்டாச்சு. 15-ம் அறை அம்மாவுக்கு ரத்தக் கல்ச்சர் முடிவு வரணும். 19-ல் இருப்பவர் வீட்டுக்குப் போகலாம், பொண்ணு வந்து கூட்டிப்போவாள். இதில் ஒரு வரி விட்டுப்போனால் அன்று முழுக்க ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது குழந்தை மருத்துவப் பயிற்சி மையங்களில் இந்தக் கைமாற்றத்தை ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். நோயின் கடுமை முதலில், பிறகு சுருக்கம், செய்ய வேண்டியவை, எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது. கடைசியில் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 2014-ல் வெளியான முடிவில், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்திருந்தன.

டாக்டருக்கும் டாக்டருக்கும் இடையிலான கைமாற்றத்தை இப்படிச் சரிசெய்யலாம். ஆஸ்பத்திரி வாசலில் நடக்கும் கைமாற்றம் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. பழைய முறையில் உள்ளே பார்த்தவரும் வெளியே பார்ப்பவரும் ஒருவரே, கடிதம் தேவையில்லை. இப்போது நோயாளியின் கதை முழுவதும் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற தாளுக்குள் அடங்க வேண்டியிருந்தது. 2007-ல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின்படி, நோயாளி வெளியே போய்த் தன் டாக்டரை முதலில் பார்க்கும் நாளில் அந்தத் தாள் அவர் கைக்கு வந்திருந்தது 12 முதல் 34 சதவீதம் பேருக்குத்தான். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் 41 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு டெஸ்ட் முடிவு இன்னும் வரவேண்டியிருந்ததாக 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. அது வரும்போது யார் பார்ப்பார்? ஹாஸ்பிடலிஸ்ட் விடுப்பு வாரத்தில் இருப்பார். குடும்ப டாக்டருக்கோ அப்படியொரு டெஸ்ட் எடுத்ததே தெரியாது.

2009-ல் வந்த எண்கள் இன்னும் உறைத்தன. மெடிகேர் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனார். அப்படித் திரும்பிய பொது மருத்துவ நோயாளிகளில் பாதிப்பேர் இடையில் எந்த டாக்டரையும் பார்த்ததற்கான பில்லே இல்லை. 2011-ல் வந்த மற்றொரு ஆய்வு கணக்கைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டியது. ஹாஸ்பிடலிஸ்ட் பார்த்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் 282 டாலர் மிச்சம். வெளியே போன 30 நாளில் மெடிகேருக்கு 332 டாலர் கூடுதல் செலவு. மிச்சம் பிடித்தவர் ஒருவர், கொடுத்தவர் இன்னொருவர். 2012 அக்டோபரிலிருந்து, நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பிவரும் ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் அபராதம் போடத் தொடங்கியது. ஆஸ்பத்திரியின் பொறுப்பு வாசலோடு முடிகிறது என்ற வசதி அதோடு போனது.

வார்டிலேயே இருப்பதாலேயே நோயாளியின் அருகில் இருப்பதாக ஆகிவிடுமா என்றும் கேள்வி எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கையால் தொட்டுத் தட்டிப் பார்க்கும் மருத்துவத்தைக் கற்று, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியரான ஆபிரகாம் வர்கீஸ் 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். டாக்டர்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ‘ஐ-பேஷன்ட்’டைத்தான் பார்க்கிறார்கள், கட்டிலில் இருப்பவர் வெறும் குறியீடு ஆகிவிட்டார் என்பது அவர் ஆதங்கம். ஹாஸ்பிடலிஸ்டுகளை மட்டும் குறிவைத்து அவர் எழுதவில்லை. ஆனால் பதினெட்டுப் பேர் பட்டியலோடு திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

2016-ல் சொல் பிறந்து இருபதாண்டு ஆனபோது வாக்டரும் கோல்ட்மனும் அதே இதழில் கணக்குப் பார்த்தார்கள். 50,000-க்கு மேற்பட்ட ஹாஸ்பிடலிஸ்டுகள். பொது மருத்துவத்திலிருந்து பிரிந்த கிளைகளில் மிகப் பெரியதான இதய மருத்துவத்தில் சுமார் 22,000 பேர்தான். நான்கில் மூன்று அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் அவர்கள் இருந்தார்கள். மறு ஆண்டு மெடிகேர் அவர்களுக்குத் தனிக் குறியீட்டெண் கொடுத்தது. குழந்தைகள் பிரிவுக்கு 2019-ல் தனித் தேர்வே வந்தது. அந்த நிறைவுக் கட்டுரை வந்த சமயத்திலேயே அதே இதழில் ரிச்சர்ட் கண்டர்மன், முழு மனிதரையும் அறிந்த மருத்துவம் தேய்ந்துபோனதைச் சுட்டிக்காட்டி எழுதினார்.

சிகாகோவின் மெல்ட்ஸர் தானே ஒரு ஹாஸ்பிடலிஸ்ட், பொருளாதார அறிஞரும்கூட. 2012-ல் அவர் தொடங்கிய திட்டம் பழைய கணக்கையே வேறு விதமாகப் போட்டது. குடும்ப டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வராமல் போனதற்குக் காரணம் அவருடைய ஆயிரக்கணக்கான நோயாளிகளில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பேரே உள்ளே இருப்பார்கள் என்பது. அடிக்கடி அட்மிட் ஆகக்கூடியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒருவரிடம் கொடுத்தால்? ஒரு டாக்டருக்குச் சுமார் 200 பேர். இதயம் தளர்ந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், ஆண்டில் பல முறை உள்ளே வந்து போகிறவர்கள். அவர்களில் சிலர் எப்போதும் வார்டில் இருப்பார்கள், ஆகவே காலை ரவுண்ட்ஸ் வீண்போகாது. மதியத்தில் அதே டாக்டர் மற்றவர்களைக் கிளினிக்கில் பார்ப்பார். மெடிகேர் நோயாளிகள் 2,000 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை இந்த முறையிலும் மீதிப்பேரை வழக்கமான முறையிலும் வைத்து ஒப்பிட்டார்கள். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் ஹாஸ்பிடலிஸ்ட் முறை அங்கே முன்போலவே தொடர்ந்தது.